மங்கையர்க்கரசியின் மரியாதை

மங்கையர்க்கரசிக்கும் தங்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி. அந்த ஒரு வெற்றி பதினான்கு மாதங்களாகப் பாக்கியாகவே இருந்து வந்தது.

நகைக்கடைத் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘முரசு’ என்கிற இணைய விளையாட்டில் செம்பு, வெள்ளி, தங்கம், வைரம் என்று நான்கு படிகள் உண்டு. அணிக்கு ஐந்து பேர், அணிக்கொரு கோட்டை, கோட்டையைச் சுற்றி அகழி, அகழிக்கு மேல் ஒரு தூக்குப்பாலம். எதிரியின் கோட்டைக்குள் புகுந்து அவர்களுடைய முரசைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, தன் கோட்டை மேடையில் வைக்கிற அணி ஜெயித்தது. ஆட்டம் இவ்வளவுதான். இதை உலகம் முழுக்க நாலு கோடிப் பேர் சோறு தண்ணி மறந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அணியில் ஒருவர் பிரேசிலில் இருப்பார், ஒருவர் ஜப்பானில் இருப்பார். அவர்கள் அவர்கள் பாஷையில் பேசுவார்கள், உங்கள் காதில் மாட்டிய கருவியில் தமிழாக விழும். நீங்கள் தமிழில் பேசினால் அவர்கள் காதில் அவர்கள் பாஷையாக விழும். அந்த வசதி வந்தபின் உலகமே ஒரே டீக்கடை பெஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பேச்சும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

யாரை யாருடன் ஓர் அணியில் சேர்ப்பது என்பதை ஒரு நிரல் முடிவு செய்தது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. தமிழ் பேசுகிற வீரர்கள் அத்தனை பேரும் அதைத் ‘தரகர்’ என்றே சொன்னார்கள். கல்யாணத் தரகருக்கு ஊரில் என்ன நல்ல பெயரோ அதே நல்ல பெயர்தான் இந்தத் தரகருக்கும். ஐந்து ஆட்டம் ஜெயிக்க விட்டால் அடுத்த ஐந்தில் தரகர் கவிழ்த்துவிடும் என்றார்கள். பழைய போன் வைத்திருப்பவர்களைத் தரகர் மதிக்காது என்றார்கள். ராகு காலம் முடிந்தபின் உள்ளே நுழைந்தால் நல்ல அணி கிடைக்கும் என்று ஒருவர் சொல்லி, மதுரைக் கூட்டம் முழுவதும் ராகு காலம் முடிந்த அடுத்த நிமிடம் உள்ளே நுழைந்து, தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு தோற்றது. புகார்கள் மலையாகக் குவிந்ததும் கம்பெனி ‘ஏன்?’ என்று ஒரு பொத்தான் வைத்தது. அதைத் தொட்டால் இந்த அணியை உங்களுக்கு ஏன் கொடுத்தேன் என்று தரகர் சொல்ல வேண்டும். அது எல்லோருக்கும் சொன்ன பதில் ஒன்றுதான்: ‘தங்களுக்குப் பொருத்தமான அணி என்பதால்.’ அதற்குப் பிறகு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

மங்கைக்கு வயது நாற்பத்து மூன்று. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக டோக்கன் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டு வருடத்தில் அவளிடம் யாரும் கேட்ட கேள்வி, “என்னைய எப்பக் கூப்பிடுவாங்க?” என்பது மட்டும்தான். உனக்கு என்ன நன்றாக வரும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவளுக்குப் பாலம் தூக்குவது நன்றாக வரும். நம் ஆள் தாண்டுகிற வரை பாலத்தைத் தாழ்த்தி வைத்திருந்து, எதிரி கால் வைக்கிற நொடியில் சரக்கென்று தூக்குவதில் அவளை மிஞ்ச மதுரை ஜில்லாவில் ஆள் இல்லை. இதைச் சொன்னது அவளல்ல, மதுரைக் கூட்டம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான மாநிலப் போட்டி அடுத்த மாதம் திருச்சியில். மதுரை அணியில் பாலக்காவலுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. தங்கப் படியில் இருப்பவர்கள் அன்று மாலை ஆறு மணிக்குள் பெயர் கொடுக்கலாம். மங்கை காலையிலிருந்து நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்றிருந்தாள். இப்போது மணி நான்கு.

ஐந்தாவது ஆட்டத்தில் தரகர் அவளுக்குக் கொடுத்த அணியில் ஒருவர் பிரேசில்காரர். மூன்று முறை ஓடி வந்தார். மூன்று முறையும் பாலத்தை விட்டுவிட்டு அகழிக்குள் விழுந்தார்.

“அய்யா, மெதுவா வாங்க,” என்றாள் மங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒண்ணும் அவசரமில்லைங்கய்யா. எதிரியெல்லாம் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்லாக் குளிச்சிட்டே வாங்க.”

“மிக்க நன்றி, அம்மா,” என்று பிரேசிலிலிருந்து பதில் வந்தது.

அதையும் தோற்றார்கள். மங்கை போனை எடுத்துப் புகார்ப் பக்கத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். இது அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டாவது புகார். ‘மதிப்பிற்குரிய தரகர் அவர்களின் மேலான சமூகத்துக்கு. இன்றும் தாங்கள் பெரிய மனது வைத்து அனுப்பிவைத்த நால்வரும் ரத்தினங்கள். இப்பேர்ப்பட்ட அணியைத் தேடிப் பிடிக்கத் தாங்கள் பட்ட சிரமத்தை நினைத்தால் எனக்குக் கண்ணீர் பெருகுகிறது. தங்கள் சேவை என்றென்றும் தொடர வேண்டும்.’

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அழைப்பு மணி அடித்தது.

வெளியே ஓர் இளம்பெண் நின்றாள். ஒரு கையில் பொன்னாடை, இன்னொரு கையில் கண்ணாடிக் கேடயம், முகம் கொள்ளாத சிரிப்பு.

“மங்கையர்க்கரசி மேடம்தானே? என் பேர் ஆதிரை. சென்னையிலிருந்து வரேன். முரசு கம்பெனி. உங்களை நேர்ல பாக்கறதுல எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்!”

சொன்னவள் கண் இமைப்பதற்குள் பொன்னாடையைப் போர்த்திவிட்டாள். கேடயத்தைக் கையில் கொடுத்தாள். மங்கை அதை வாசித்தாள். ‘உலகின் மிகக் கனிவான வீரர். முதலிடம்.’

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. ஐந்து தோல்வி போதாதென்று வீடு தேடி வந்து கேலி செய்கிறார்கள் என்றே அவள் நம்பினாள்.

“வாருங்கள்,” என்றாள். “உள்ளே வாருங்கள் அம்மா. தாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அமருங்கள். தங்களுக்கு நான் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்?”

சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சோலைமலை இதைக் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஆபத்து வந்தால் முதலில் பிள்ளைகளை மைதானத்தை விட்டு வெளியேற்றிப் பழகியவர்.

“ஏம்மா, யாரும்மா நீ? என்ன பண்ணுன?” என்றார் ஆதிரையிடம், தாழ்ந்த குரலில்.

“நான் எதுவும் பண்ணலையே சார். அவார்டு குடுத்தேன். மேடம் எவ்வளவு மரியாதையாப் பேசறாங்க!”

“அது மரியாதை இல்லம்மா. வையிறா.”

“என்னது?”

“வையிறாம்மா. திட்டுறா. நல்லா இருக்கும்போது என்னைய ‘ஏய்யா, இங்கிட்டு வாய்யா’ம்பா. ஒருநா ‘நீங்க சாப்பிடுங்க’ன்னு சொன்னான்னு வையி, அன்னைக்கி எனக்குச் சோறு இல்லன்னு அர்த்தம். ‘தாங்கள்’ வரைக்கும் போயி நான் ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். ரெண்டாவது தடவ எங்க தம்பி வீட்ல போயிப் படுத்துக்கிட்டேன்.”

ஆதிரை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். சென்னையில் வளர்ந்தாலும் தமிழ்ப் பெண்தான். அவளுடைய அம்மாவும் கோபம் வந்தால் “சரிங்க, உங்க இஷ்டம்ங்க” என்று ஆரம்பிக்கிறவள்தான். சிரிப்பு அவள் முகத்திலிருந்து வடிந்துபோனது.

“மேடம்,” என்றாள், “நீங்க எங்களுக்கு இருநூத்திப் பதினோரு பாராட்டுக் கடிதம் எழுதியிருக்கீங்க.”

“பாராட்டா?” மங்கை எழுந்தே நின்றுவிட்டாள். “புகாரும்மா அது! பதினாலு மாசமா முட்டி மோதிக்கிட்டு எழுதியிருக்கேன். பன்னெண்டாவது இப்பத்தான் போச்சு.”

“ஐயோ. எல்லாமே ‘பாராட்டு’ங்கற பிரிவுல போயிருக்கு. எங்க மேலதிகாரி அதுல ஒண்ணை பிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கார்.”

சோலைமலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மங்கை அவரை முறைத்துவிட்டு ஆதிரை பக்கம் திரும்பினாள். கேலி இல்லை என்று தெரிந்ததும் அவள் கோபம் பாதி இறங்கியிருந்தது. பேச்சும் இறங்கியது.

“சரி, விவரமாச் சொல்லு. எனக்கு ஏன் அகழிக்குள்ள விழுகுற ஆளாவே வருது?”

ஆதிரை தன் கைத்திரையை எடுத்து வைத்துக்கொண்டாள். “புதுசா வர்றவங்கள்ல பாதிப்பேர் பத்து ஆட்டத்துக்குள்ள ஓடிடறாங்க மேடம். தோத்ததால இல்ல. கூட ஆடறவங்க திட்டறதால. அதனால தரகர் ஒரு வேலை செய்யுது. யார் யார் கனிவாப் பேசறாங்கன்னு பாத்து, ஓடற நிலையில இருக்கற புது ஆளுங்களை அவங்க பக்கத்துல சேத்துவிடுது. அவங்க கொஞ்சம் தேறினதும் வேற இடத்துக்கு மாத்திடும். நாலு கோடிப் பேர்ல கனிவுல நீங்கதான் முதல்ல. அதனால ரொம்ப பயந்து போனவங்க எல்லாம் உங்ககிட்ட.”

“கனிவ எத வச்சு அளக்குது?”

“வார்த்தைய வெச்சு. எத்தனை ‘ங்க’, எத்தனை ‘அய்யா’, எத்தனை ‘அம்மா’, எத்தனை ‘மெதுவா வாங்க’. மொழிபெயர்த்துப் பாத்தா நீங்க தேவதை மாதிரி இருக்கீங்க மேடம்.”

“ஒருநா சந்தோசத்துல ‘ஏய்’னு பேசியிருந்தா?”

“வசைன்னு எடுத்துக்கிட்டிருக்கும். நல்ல அணி கிடைச்சிருக்கும்.”

“அப்ப வஞ்சவய்ங்களுக்கெல்லாம் நல்ல ஆளு, மரியாதையாப் பேசுனவளுக்குத் தண்டனை.” மங்கைக்குப் பதினான்கு மாதத் தோல்வியும் ஒன்றாக நெஞ்சில் வந்து நின்றது. “நல்லாருக்கும்மா உங்க நியாயம். ஆறு மணிக்குள்ள ஒரு ஆட்டம் செயிக்கலேன்னா என் இடம் போயிரும்.”

ஆதிரை மணியைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம். “மேடம், நான் இப்பவே இதைத் ‘தவறான கணிப்பு’ன்னு குறிச்சிடலாம். அரை நிமிஷத்துல உங்க கணக்கு நேராயிடும். அடுத்த ஆட்டமே உங்க தரத்துக்குச் சரியான ஆளுங்க வருவாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். ஆனா ஒரு விதி இருக்கு.”

“என்ன விதி?”

“தரகர் ஒரு கணிப்பை மாத்தினா, அதுல சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் காரணத்தைச் சொல்லணும். நம்பிக்கை வரணும்னு நாங்களே போட்ட விதி. உங்களோட ஆடின புது ஆளுங்க அறுநூத்திப் பன்னெண்டு பேர். அவங்க ஒவ்வொருத்தருக்கும், ‘அன்று உங்களிடம் கனிவாகப் பேசியவர் உண்மையில் உங்களைத் திட்டினார்’னு தகவல் போகும். நீங்க பேசினதோட சரியான அர்த்தமும் கூடவே போகும்.”

“போகட்டும். எனக்கென்ன வந்துச்சு? கொண்டா இங்கிட்டு.”

கையெழுத்துப் போடும் இடம் கடைசியில் இருந்தது. அதற்கு மேலே அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் அவளைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகள் வரிசையாக இருந்தன. அவளுடைய போனிலும் அவை வந்திருந்தன. தன்னைத் திட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை. இப்போது விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

‘நான் திக்கித் திக்கிப் பேசுவேன். அதனால் எங்கேயும் பேசுவதில்லை. அந்த அம்மா “பொறுமையாச் சொல்லுங்க அய்யா, விடியிறதுக்குள்ள சொன்னாப் போதும்” என்றார். விடியும் வரை எனக்கு நேரம் கொடுத்த முதல் மனிதர் அவர்தான்.’

மங்கைக்கு அந்த ஆட்டம் நினைவு வந்தது. எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று சொல்ல அந்த ஆள் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டான். அவள் வயிற்றெரிச்சலில் சொன்னது அது.

அடுத்தது பின்லாந்திலிருந்து. ஐலா என்று பெயர், வயது ஐம்பத்தெட்டு. ‘நான் சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறேன். கால் முறிந்து நாலு மாதமாக வீட்டில் தனியாக இருக்கிறேன். முதல் ஒன்பது ஆட்டங்களில் நான்கு பாஷைகளில் என்னைத் திட்டினார்கள். பத்தாவதோடு விட்டுவிடலாம் என்று இருந்தேன். அதில் நான் நாலு தடவை அகழியில் விழுந்தேன். அந்த இந்தியப் பெண்மணி மட்டும், “அம்மணி, தண்ணி எப்படி இருக்கு, வெதுவெதுன்னு இருக்கா?” என்று கேட்டார். குளிராக இருக்கிறது, நன்றி என்றேன். சிரித்தேன். நாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.’

“ஏய்யா,” என்றாள் மங்கை கணவரிடம். “இந்தப் பொம்பள ‘குளிரா இருக்கு, நன்றி’ன்னு சொன்னப்ப என்னையத் திருப்பி நக்கல் பண்றான்னுல்ல நெனச்சேன்! அன்னைக்கி ரெண்டு தட்டு ஒடச்சேனே, நெனவிருக்கா?”

“எனக்கு மறக்குமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது, வெட்கம் போய் அழுகை வந்தது. பொன்னாடை நுனியிலேயே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் கைத்திரையைக் கையெழுத்துப் போடாமலே ஆதிரையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“மேடம், மணி அஞ்சே கால். ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம் இருக்கு. மாத்தலைன்னா மறுபடி புது ஆளுங்கதான் வருவாங்க.”

“வரட்டும்.”

“மங்க, எடம் போயிரும்டி,” என்றார் சோலைமலை. அவருக்கு நிஜமாகவே கவலை. அந்த இடம் அவளுக்கு என்ன என்று அவருக்குத் தெரியும்.

“போனாப் போகட்டும்யா. அறுநூறு பேரத் தேடிப் போயி, ‘அன்னைக்கி உன்னைய வஞ்சேண்டா’ன்னு சொல்லிட்டு, அந்தத் தங்கத்த வாங்கி எங்கிட்டு மாட்டுறது?”

காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும், மனசார வேண்டும். இப்படிச் செய்துவிட்டோமே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது.

பதினைந்து நிமிடம் கழித்துத் தரகர் அணியைக் கொடுத்தது. மூன்று பேர் புத்தம் புதியவர்கள். நான்காவது பெயர், இன்னும் தேறாத ஐலா.

“வணக்கம் அம்மணி,” என்றது ஐலாவின் குரல், காதுக்குள் தமிழாக. “உங்களை மறுபடி பார்த்ததில் மகிழ்ச்சி.”

மங்கை வாயைத் திறந்தாள். ‘வாங்க’ வரவில்லை. கோபம் இல்லாதபோது மரியாதையாகப் பேச அவளுக்கு வரவே வராது, அதுதான் சிக்கல்.

“வா வா,” என்றாள். “இந்தா பாரு, பாலத்துக்கு நேரா வந்துட்டு வலப்பக்கம் சாயாத. அதான் உனக்கு வியாதி. ஏய் சிவப்புச் சட்ட, நீ எங்கிட்டுப் போற? கூறுகெட்டவனே, அது நம்ம கோட்டடா! திரும்பு!”

அறைக்குள் ஒருமை கேட்டதும் சோலைமலை அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஆதிரை பக்கத்தில் நின்றார். “சந்தோசமா இருக்கா,” என்றார் அவளிடம் ரகசியமாக.

ஆட்டம் பன்னிரண்டு நிமிடம். முதல் எட்டு நிமிடம் மங்கை தனியாகவே கோட்டையைக் காத்தாள். பாலத்தைத் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள். எதிரிகள் ஏழு முறை அகழியில் விழுந்தார்கள். நடுநடுவே நாலு பேரையும் விலாசித் தள்ளினாள். “வெங்காயம், குனி!” “ஏ பரதேசி, பின்னால பாரு!” அவர்கள் குனிந்தார்கள், பின்னால் பார்த்தார்கள். மரியாதையாகச் சொன்னபோது விளங்காமல் நின்ற ஆட்கள் இப்போது சொன்னதைச் செய்தார்கள். ‘மெதுவா வாங்க’ என்று கேட்டால் எவன்தான் வேகமாக வருவான் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

பத்தாவது நிமிடம் ஐலா கத்தினாள். “அம்மணி, என்னிடம் ஒரு முரசு இருக்கிறது! எப்படி வந்தது என்று தெரியவில்லை!”

சிவப்புச் சட்டைக்காரன் எதிரிக் கோட்டையில் வசமாக மாட்டிக்கொண்டு ஐந்து பேரிடமும் அடி வாங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சந்தில் ஐலா முரசைத் தூக்கிவிட்டிருந்தாள். இப்போது அவள் ஓடி வந்தாள். பின்னால் மூன்று பேர் துரத்தி வந்தார்கள். பாலம் தாழ்ந்திருந்தால் அவர்களும் கூடவே உள்ளே வந்து முரசைப் பிடுங்கிவிடுவார்கள். தூக்கினால் ஐலா அகழியில் விழுவாள். மங்கை பாலத்தைத் தூக்கத் தொடங்கினாள், மெதுவாக, ஒரு சாண், இரண்டு சாண். ஐலா பாலத்தின் விளிம்பில் கால் வைத்தாள். கீழே தண்ணீரைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

“ஏ எரும!” மங்கையின் குரலைக் கேட்டு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. “என்னத்தடி பாக்குற? நிக்காத! ஓடியா! தாவுடீ!”

ஐலா தாவினாள். பாலம் செங்குத்தாக நிமிர்ந்தது. துரத்தி வந்த மூன்று பேரும் வரிசையாகத் தண்ணீருக்குள் போனார்கள். ஐலா உள்ளே உருண்டு விழுந்து, எழுந்து, முரசைக் கொண்டுபோய் மேடையில் வைத்தாள்.

டம் டம் டம் என்று முரசு முழங்கியது. மங்கையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளி உருகித் தங்கமாயிற்று.

சோலைமலை பள்ளி விசிலை எடுத்து ஊதினார். ஆதிரை தன் உத்தியோகத்தை மறந்து குதித்தாள். மங்கை ஐந்து ஐம்பதுக்கு மதுரை அணிக்குப் பெயர் கொடுத்தாள். ஐந்து ஐம்பத்தொன்றுக்குப் பதில் வந்தது: ‘பாலக்காவல்: மங்கையர்க்கரசி.’ அதை நான்கு முறை வாசித்தாள். பதினெட்டு வருடமாக அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டவளுக்கு அவள் பெயரை எழுத்தில் பார்க்க அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

கூடவே இன்னொரு தகவலும் வந்தது. ‘இந்த ஆட்டத்தில் தங்கள் வசைச்சொற்கள்: பதினேழு. கனிவுப் பட்டியலில் தங்கள் இடம் மாற்றப்பட்டுள்ளது.’ முதலிடத்திலிருந்து நாலு கோடிக்குச் சற்று முன்னால் போய் நின்றிருந்தாள்.

ஐலாவின் குறிப்பு அதற்குப் பின்னால் வந்தது. ‘எங்கள் ஊரில் எருமை கிடையாது. படம் பார்த்தேன். என்ன பலம், என்ன கொம்பு! அப்படி நீங்கள் கூப்பிட்டதும் எனக்குக் கால் வலியே தெரியவில்லை. இதுவரை ஓட்டலில் விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல அம்மணி என்றீர்கள். இனிமேல் எருமை என்றே கூப்பிடுங்கள்.’

மங்கை அதை வாசித்துவிட்டு ஆதிரையைப் பார்த்தாள். “அந்த ‘ஏன்’ பொத்தான் ஒரு வரிதான் சொல்லும். உன் கையில இருக்கறதுல முழுப் பதில் கேக்கலாமா?”

“கேக்கலாம் மேடம். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.” ஆதிரை கைத்திரையை நடுவில் வைத்தாள். “பேசுங்க. பொய் சொல்லக்கூடாதுங்கறது அதோட விதி.”

“ஏன் எனக்கு இவங்களையெல்லாம் குடுத்த?” என்றாள் மங்கை. “நான் கனிவானவன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத்தானே?”

“இல்லை,” என்றது தரகர், அமைதியான குரலில். “தாங்கள் கோபப்படுகிறீர்கள் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ‘ங்க’ கூடக்கூடப் போனில் தங்கள் பிடி இறுகியது. காதுக் கருவியில் மூச்சு வேகமாகக் கேட்டது. கனிவுப் பட்டியல் வார்த்தையை எண்ணுகிறது. அது கம்பெனி பார்ப்பதற்கு. நான் ஆட்களைச் சேர்ப்பது அதை வைத்து மட்டுமல்ல.”

ஆதிரை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது.

“பின்ன எத வச்சு?”

“தாங்கள் என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்று பார்க்கவில்லை. கேட்டவர்கள் அடுத்த நாள் வந்தார்களா என்று பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஐந்நூற்று எண்பது பேர் வந்தார்கள். தங்களுக்குத் தோல்வி, அவர்களுக்குத் துணை. கணக்கு அப்படி வந்தது.”

மங்கை துள்ளி எழுந்தாள். “பாத்தியாய்யா! பாத்தியாம்மா! பதினாலு மாசமா கரடியாக் கத்துனேன்ல, வேணும்னேதான் என்னையத் தோக்க விடுதுன்னு! எல்லாரும் என்னைய லூசுன்னாய்ங்க!” தங்கம் வந்தபோதுகூட அவள் முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தவளுக்குத் திடீரென்று வேறொன்று தோன்றியது. “அது சரி. என் புகாருக்கெல்லாம் ‘தங்களின் மேலான கருத்து எங்களை மெய்சிலிர்க்க வைத்தது’ன்னு நீதானே பதில் எழுதுன?”

“ஆம்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“தங்களிடம் கற்றுக்கொண்ட அர்த்தம்தான்.”

சோலைமலை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மங்க, பதினாலு மாசமா அது உன்னையத் திருப்பி வஞ்சிருக்குடி!”

மங்கையும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கைத்திரை பக்கம் குனிந்தாள். “எல்லாஞ் சரி. என்னையக் கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லிருப்பேன்ல?”

“சொல்லியிருப்பீர்களா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “மாட்டேன்.”

“அதனால்தான் கேட்கவில்லை.”

ஆதிரையின் முகம் வெளுத்திருந்தது. “மேடம், இதை நான் நாளைக்கு ஆபீஸ்ல சொல்லியே ஆகணும். நாலு கோடிப் பேர் சந்தேகப்பட்டது சரிதான்னு ஆகுது. எப்படி எழுதறதுன்னே தெரியல.”

“உள்ளத உள்ளபடி எழுதும்மா. நல்ல காரியந்தான் பண்ணிருக்கு. கேக்காமப் பண்ணிருக்கு. ரெண்டையும் எழுது.” மங்கை கைத்திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஏய், இங்க பாரு. அப்பக் கேக்கல, சரி. இப்பக் கேளு.”

ஒரு நொடியில் பத்து லட்சம் பேரைச் சேர்த்துப் பிரிக்கிற தரகர், இதற்கு முழுசாக மூன்று நொடி எடுத்துக்கொண்டது. பிறகு பேசியபோது குரல் அதேதான், பேச்சு மட்டும் மாறியிருந்தது.

“மங்க,” என்றது. “ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா. புதுசு. ஒம்போது ஆட்டம் தோத்துட்டா, அழுகுற மாதிரி இருக்கா. எப்படியும் நாலு தடவ தண்ணிக்குள்ள விழுவா. அனுப்பவா?”

மங்கையர்க்கரசி பொன்னாடையை எடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

“அனுப்பித் தொல,” என்றாள்.